பூஜ்ஜியத்துக்குக் கீழே இல்லாத தராசு

சீனாவின் ஹூனான் மாகாணத்தில், யுவேயாங் நகரத்துச் சந்தைகளில் முப்பத்தொரு வருடம் எடைக்கருவி ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவர் குவாங் திங்பாங். எந்தக் கடைக்குப் போனாலும் முதலில் தட்டைக் காலி செய்யச் சொல்லி, முள் பூஜ்ஜியத்தில் நிற்கிறதா என்று பார்ப்பார். வணக்கம் அதற்குப் பிறகுதான். அவருக்கு நண்பர்கள் அதிகம் இல்லாததில் வியப்பில்லை.

அறுபத்தெட்டாவது வயதில் இரைப்பையில் புற்றுநோய் வந்து ஈரலுக்கும் பரவியது. இது மருத்துவருக்குத் தெரியும், மகள் யூசுனுக்குத் தெரியும், பக்கத்துக் கட்டில்காரரைப் பார்க்க வருகிறவர்களுக்கும் தெரியும். நோயாளிக்கு மட்டும் வயிற்றுப்புண். பாசமுள்ள பிள்ளைகள் அங்கே இப்படித்தான் செய்வார்கள். வாசலில் ஆளுயர எழுத்தில் 'புற்றுநோய் மருத்துவமனை' என்று இருந்ததற்கும் யூசுனிடம் விளக்கம் இருந்தது.

"பொது ஆஸ்பத்திரில பெட் காலியில்லப்பா. அதான் இங்க இடம் குடுத்திருக்காங்க."

அவர் முகம் மாறாமல் தலையாட்டினார். மருந்துப் புட்டிகளின் லேபிளை அவள் நகத்தால் சுரண்டிய அன்றே அவருக்கு விஷயம் தெரிந்துவிட்டது. முத்திரையைச் சுரண்டுகிறவர்களைப் பிடிப்பதுதானே அவர் தொழில்.

வயிற்றுப்புண்ணுக்குக் காரம் ஆகாது. ஆகவே காரமில்லாமல் சோறு இறங்காத அந்த ஹூனான்காரர் நான்கு மாதம் மிளகாயைக் கண்ணால்கூடப் பார்க்காமல் வெள்ளைக் கஞ்சி குடித்தார். அவருக்கு வீட்டுக்குப் போக வேண்டும், வேறொன்றும் வேண்டாம். அதைக் கேட்கத்தான் வழியில்லை. வயிற்றுப்புண்காரன் குணமானால்தான் வீட்டுக்குப் போவான். அதற்கு முன்னால் கேட்டால், அவருக்குத் தெரியும் என்பது மகளுக்குத் தெரிந்துபோகும்.

இந்த நிலையில்தான் செவிலியர் கல்லூரி ஆசிரியை துவான் கேள்வித் தாள்களோடு வந்தார். முற்றிய புற்றுநோய் வந்தவர்களின் மனம் அதனால் எவ்வளவு வளர்ந்திருக்கிறது என்று அளப்பது அவருடைய ஆய்வு. யூசுன் அவரை வராந்தாவிலேயே மறித்து, அந்தச் சொல்லை மட்டும் உச்சரிக்கக் கூடாது என்றாள். நூற்றிருபது தாள்கள் நிரம்ப வேண்டியிருந்ததால் துவான் ஒப்புக்கொண்டார்.

"ஐயா, இந்த... வயித்துப்புண் வந்ததுக்கப்புறம் வாழ்க்கையோட அருமை கூடுதலாப் புரியுதா? பூஜ்ஜியத்துலேர்ந்து அஞ்சுக்குள்ள சொல்லுங்க."

"பூஜ்ஜியத்துக்குக் கீழ எவ்வளவு தூரம் போகும்?"

"கீழ இல்லையே."

"அப்ப குறைஞ்சுபோனவன் எங்க நிப்பான்?"

"அவரும் பூஜ்ஜியம்தான்."

"சந்தையில இந்தத் தராசு இருந்திருந்தா அன்னிக்கே சீல் வெச்சிருப்பேன். சரி, நோய் வர்றதுக்கு முன்னாடி என்னை எடை போட்டு வெச்சிருக்கீங்களா?"

"இல்ல. நீங்களே நினைச்சுப் பாத்துச் சொல்லணும்."

"எடையைக் கடைக்காரனே சொல்லணும். நல்ல ஏற்பாடு."

"அப்பா, டீச்சரைப் படுத்தாதீங்க," என்றாள் யூசுன், ஆப்பிள் தோலைச் சீவிக்கொண்டே.

அவர் படுத்தவில்லை. ஒரு வயிற்றுப்புண்ணின் தயவால் தம் மனவலிமை இரண்டும், இயற்கை மீதான ஈடுபாடு மூன்றும் உயர்ந்ததாக ஒப்புக்கொண்டார். ஒன்பதாவது கேள்வி வந்தது.

"மனசுல இருக்கிறதை நெருங்கினவங்ககிட்ட முன்னைவிடத் திறந்து சொல்றீங்களா?"

ஐந்து என்றால் மகள் நிம்மதியாக ஆப்பிள் சீவுவாள். ஆனால் முப்பத்தொரு வருடத்தில் பொய் அளவுக்கு அவர் ஒருமுறையும் கையெழுத்துப் போட்டதில்லை.

"பூஜ்ஜியம்," என்றார். "கீழ இடமிருந்தா அங்க எழுதலாம்."

யூசுனின் கத்தி நின்றது. "எப்பலேர்ந்து தெரியும்ப்பா?"

"நீ லேபிள் சுரண்டினியே, அன்னிலேர்ந்து. ஒழுங்காச் சுரண்டவும் தெரியல உனக்கு."

"சொல்லியிருக்கலாமே."

"நீ அவ்வளவு கஷ்டப்பட்டுப் பொய் சொல்றப்ப குறுக்க எப்படிப் பேசறது? வீட்டுக்குப் போகலாம்மா. இந்த வயித்துப்புண் இங்கயே இருக்கட்டும்."

அவள் அழுதாள். பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு மருத்துவரைத் தேடிப் போனாள். துவான் சற்றுத் தயங்கி, ஒன்பதாவது விடையை இப்போது மாற்றிக்கொள்ளலாமா என்று கேட்டார்.

"மறுபடி நிறுக்கணும்னா புதுத் தாள் எடுங்க. முதல் எடையை அழிக்கக் கூடாது."

துவானிடம் வேறு தாள் இல்லை. பத்தாவது கேள்விக்கு முன் நோயாளி வீடு திரும்பியதால், அந்தத் தாள் 'முழுமையற்றவை' என்ற கட்டுக்குள் சேர்ந்தது. மனித மனத்தின் வளர்ச்சி குறித்த அந்த ஆய்வில் குவாங் திங்பாங்குக்கு இடமில்லை.

வீட்டில் யூசுன் மீன்தலையை மிளகாய் கொட்டி வேகவைத்தாள். இரண்டு வாய்க்கு மேல் அவரால் முடியவில்லை. நெற்றி வியர்க்க, உப்பு கொஞ்சம் குறைச்சல் என்றார்.