கோகிலாவின் பத்திரம்

சசி வீட்டார் குடியிருக்கும் ஒற்றையறைக் காம்பராவுக்கும் எங்கள் காம்பராவுக்கும் நடுவில் ஒரு சுவர்தான். ஓப்பநாயக்கவுக்கு மேலே இருக்கும் எங்கள் தோட்டத்திலிருந்து நூலகவியல் படிக்க இங்கிலாந்து போன ஒரே ஆள் அவள். "புத்தகம் அடுக்கவா பிளேன் ஏறிப் போறா?" என்று கேட்டவர்களில் நானும் ஒருத்தி. அதற்கு இன்றைக்கும் வெட்கப்படுகிறேன்.

ஆனால் அவளுடைய பாஸ்போட்டில் இருந்த பெயர் கோகிலா. கோகிலா அவளுடைய அக்கா. பத்து மாதத்தில் வயிற்றோட்டத்தில் போய்விட்டாள். ரப்பர் மலையில் புதைத்தார்கள். சாவைப் பதிய யாருக்கும் தோன்றவில்லை. அடுத்துப் பிறந்த சசிக்குப் பிறப்பையும் பதியவில்லை. பள்ளிக்கூடத்தில் பிறப்புப் பத்திரம் கேட்டபோது, அவளுடைய அப்பா சின்னத்தம்பி மாமா பெட்டியில் இருந்த மூத்தவளின் பத்திரத்தைக் கொடுத்துவிட்டு வந்தார்.

"சும்மா கெடக்குற பேப்பர்தானே" என்றாராம். அவரைத் திட்டலாம் என்றால் அவரும் இப்போது இல்லை.

இங்கிலாந்தில் ஓர் ஆவணக் காப்பகத்தில் சசிக்குப் பயிற்சி. பழைய தேவாலயப் பதிவேடு ஒன்றைப் பட்டியலிடச் சொன்னார்கள். இருநூறு வருடத்துக்கு முன்னால் பிறந்து, ஒரு மணி நேரம் மட்டும் உயிரோடிருந்த குழந்தைக்கு அதில் ஒரு வரி இருந்தது. பெயர்கூட வைக்கவில்லை. அந்த வரி கெட்டுப்போகாமல் இருக்கத் தனிப் பெட்டி, குளிரூட்டிய அறை, பூட்டு. சசி எழுந்து வெளியே போய் அழுதாளாம். அன்றே அம்மாவுக்குப் போன் எடுத்துச் சொன்னாள்.

அவளுடைய அம்மா, தங்கம்மா அத்தை, முழுவதையும் கேட்டுக்கொண்டார். பிறகு கேட்டார்: "நம்ம மூத்தவளுக்கும் அப்பிடி ஒரு வரி எழுதிப் போடுவாங்களா புள்ள? நா கண்ண மூடுறதுக்குள்ள?"

மகளிடம் அவர் வேறு எதையும் கேட்டதில்லை. நெஞ்சு வருத்தத்துக்கு மருந்து குடிப்பவர் வேறு.

படிப்பு முடிந்து வந்த வாரமே பிறப்பு இறப்புப் பதிவுக் கந்தோருக்குப் போனோம். அத்தை வெளியே மர வாங்கில் உட்கார்ந்திருந்தார். உள்ளே கிளாக்கராக இருந்த சிவம் என்ற யாழ்ப்பாணத்துக்காரர் முழுக்கதையையும் கேட்டுவிட்டுப் பேனையை மூடினார்.

"கோகிலா செத்திட்டா எண்டு பதிஞ்சால், உம்மட பட்டம், பாஸ்போட் எல்லாம் செத்த ஆளின்ர. பிறகு நீர் ஆர், பிள்ளை? உம்மட பேரில ஒரு துண்டும் இல்லையே. வழக்குப் போட்டுத் திருத்தலாம். வருசக்கணக்கில இழுபடும்."

அடுத்த மாதம் ஒரு கெம்பஸ் நூலகத்தில் சேர வேண்டியவள் சசி. என் முகத்தைப் பார்த்தாள். வேலையை விடு என்று சொல்ல எனக்கும் வாய் வரவில்லை. நிரப்பி வைத்திருந்த சாவுப் பதிவு விண்ணப்பத்தைக் கொடுக்காமலே மடித்துப் பைக்குள் வைத்தாள்.

வெளியே வந்ததும் அத்தை எழும்பினார். "எழுதிட்டாங்களா?"

"எழுதிட்டாங்கம்மா."

பையிலிருந்து ஒரு தாளை எடுத்துக் கொடுத்தாள். பள்ளிக்கூடக் காலத்திலிருந்து அவள் காட்டிவந்த, கோகிலாவின் அதே பிறப்புப் பத்திரத்தின் போட்டோக் கொப்பி. அது சிங்களத்தில் இருந்தது. அத்தை சிங்களத்தைத் தண்ணீர் மாதிரிப் பேசுவார். ஓர் எழுத்தும் வாசிக்கத் தெரியாது.

"பேரு எங்க இருக்கு?"

சசி அம்மாவின் விரலைப் பிடித்துப் பெயரின் மேல் வைத்தாள். அதில் மட்டும் பொய் இல்லை. அத்தை அங்கேயே, பஸ்ஸுக்கு நின்றவர்கள் பார்க்க, தாளைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். நான் தண்ணீர் வாங்கப் போவதுபோல் நகர்ந்துவிட்டேன்.

இப்போது அந்தத் தாளுக்குக் கண்ணாடி போட்டு, மாமாவின் படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறார்கள். கண்ணாடியில் பொட்டு, வெள்ளிக்கிழமை விளக்கு. சசி லீவில் வரும்போதெல்லாம், "அக்காவுக்குப் பூ வையி" என்பார் அத்தை.

சசியும் வைக்கிறாள். இறந்த தேதி எங்கும் எழுதாத அந்தத் தாளைக் கும்பிடுகிறாள். திங்கட்கிழமை வேலைக்குப் போய், வரவுப் பதிவேட்டில் கோகிலா என்று கையெழுத்துப் போடுகிறாள்.