அலைக்குள் நிறுத்திய வண்டி

பாலாற்றில் இரு கரையும் தொட்டுத் தண்ணீர் போனதே ஒரு மழை, ஆறு என்றால் மணல் என்றே நினைத்திருந்த பிள்ளைகளெல்லாம் பாலத்து ஓரத்தில் நின்று வாயைப் பிளந்து பார்த்தார்களே, அந்த மழை விட்டுப்போன தை மாசத்தில்தான் என் வண்டி மறுபடியும் உயிர் பிடித்தது. வருஷம் எந்த வருஷம் என்றால் எனக்குச் சொல்ல வராது. நான் சொல்லச் சொல்ல மகள் எழுதுகிறாள். அவளுக்குத் தெரிந்திருக்கும். அது முக்கியமில்லை.

ரெண்டு சைலன்சர் வைத்த பழைய மோட்டார் பைக் அது. கிக்கரும் கியரும் ஒரே கம்பிதான். உதைத்து ஸ்டார்ட் பண்ணி, அதே கம்பியை முன்னால் தள்ளினால் கியர். கல்பாக்கத்துக்கு ஆட்களை ஏற்றிப் போகும் பஸ்ஸை நான் ஓட்டிய காலத்தில், விடியற்காலை ஷெட்டுக்குப் போக வாங்கியது. அப்புறம் ஏதோ ஒரு கோடையில் இன்ஜின் இறுகிப்போய் வீட்டுக்குப் பின்னால் தார்ப்பாய்க்குள் போனது. கோழி அதன் சீட்டில் ஏறி முட்டை வைத்தது. ஒரு தடவை பாம்புச் சட்டைகூடக் கிடந்தது. அது வேறு கதை.

ரிட்டையர் ஆன பிறகு அதைப் பிரித்தேன். டேங்குக்குள் துரு. சரளைக் கல்லையும் மண்ணெண்ணெயையும் போட்டுக் குலுக்கிக் குலுக்கித் தோள்பட்டை போனது. சாமான் தேடிப் புதுப்பேட்டைக்கு மின்சார ரயிலில் எத்தனை தடவை போனேனோ. வேண்டிய பேரிங் கிடைத்தது. இன்ஜின் கூட்டைச் சூடு பண்ணினால்தான் பேரிங் உள்ளே இறங்கும். அடுப்பில் வைத்தேன். என் வீட்டுக்காரி வந்து பார்த்தாள்.

"சோறாக்கற அடுப்புல இன்னாத்த வெச்சிக்கினு கீற?"

"இன்ஜின் கூடு. சூடானாத்தான் பேரிங் உள்ள போவும்."

"ராத்திரிக்கு அதையே தின்னு."

அவள் அப்படித்தான் பேசுவாள். ஆனால் டேங்கின் பித்தளை வில்லையைப் புளி போட்டுத் தேய்த்துப் பளபளவென்று ஆக்கினது அவள்தான்.

அப்படி உயிர் பிடித்த வண்டியைத்தான் கேட்டு வந்தான், அவளுடைய தம்பி மகன். அவனுக்கு வைகாசியில் கல்யாணம்.

"மாமா, ஒரே ஒரு நாளு வண்டி வோணும். மகாபலிபுரத்துல போட்டோ ஷூட்டு. பொண்ணு ஆசப்படுது."

இந்தக் கடற்கரைப் பக்கம் போனால் பார்க்கலாம். ஞாயிற்றுக்கிழமை காலையில் நாலு அடிக்கு ஒரு ஜோடி. ஒருத்தன் கலர் புகை விடுவான், ஒருத்தன் குடை பிடிப்பான், ஒருத்தி தரையைப் பெருக்கும் கவுனை இடுப்பில் செருகிக்கொண்டு ஓடுவாள். அதில் எனக்கு ஒரு கோபமும் இல்லை. கல்யாணம் பண்ணிக்கொள்ளப் போகிறவர்கள், சந்தோஷமாக இருக்கட்டும். நான் ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டேன்.

"தார் ரோட்ட வுட்டு எறக்காத. சவுக்குத் தோப்பு நெழல்ல நிறுத்தி எடுத்துக்கோ. மணல்ல எறக்காத. தண்ணி பக்கம் போவவே போவாத."

"நான் இன்னா சின்னப் புள்ளையா மாமா?"

அவன் வண்டியைக் கொண்டுபோன வாரம் எனக்குக் கண் ஆபரேஷன் ஆனது. கறுப்புக் கண்ணாடி போட்டு உட்கார்ந்திருக்கிறேன், மினி லாரியில் வண்டி வந்து இறங்குகிறது. கழுத்தில் மாலை, டேங்கு முழுக்கச் சந்தனம், ஹேண்டில்பாரில் எலுமிச்சம்பழம்.

"ஏன்டா ஏத்திக்கினு வர்ற?"

"பெட்ரோலு தீந்துபோச்சி மாமா. அப்டியே கோயில்ல பூஜ போட்டுக்கினு வந்துட்டோம்."

என் வீட்டுக்காரிக்கு மனசு குளிர்ந்துவிட்டது. என் தம்பி மகனுக்கு எவ்வளவு மரியாதை பார் என்றாள். குனியாதே, பளு தூக்காதே, கிக்கர் உதைக்காதே என்று டாக்டர் சொல்லியிருந்தார். வண்டியைத் துணி போட்டு மூடினோம். வீடெல்லாம் சந்தன வாசனை. அந்தச் சந்தனம் எதற்கு என்று எனக்கு அப்போது தெரியவில்லை.

கல்யாணத்தன்று தெரிந்தது. செங்கல்பட்டில்தான் மண்டபம். வாசலில் ஆள் உயரத்துக்கு மேலே ஒரு பேனர். அதில் அவனும் அந்தப் பெண்ணும் உட்கார்ந்திருக்கிறார்கள், என் வண்டி மேல். வண்டி நிற்பது கடலுக்குள். இன்ஜினை மூடி நுரை. அலை ஒன்று டேங்கு மேல் அடித்துச் சிதறுகிறது. அந்தச் சிதறல்தான் அழகு என்று எல்லோரும் அதன் முன்னால் நின்று செல்ஃபி எடுக்கிறார்கள்.

என்னோடு பஸ் ஓட்டின ஒருத்தன் தோளைத் தட்டினான். "அண்ணாத்த, உன் வண்டி கப்பலாட்டம் மெதக்குது பாரு!"

கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தேன். என் வண்டிதான். உப்புத் தண்ணீர்தான்.

மாப்பிள்ளையின் அப்பன், என் மச்சான், பட்டு வேட்டியில் எல்லோரையும் வரவேற்றுக்கொண்டிருந்தான். நேராகப் போய்க் கேட்டேன்.

"வண்டி கடல்ல நின்னுக்கினு கீதே மச்சான், உனக்குத் தெரியுமா?"

"அதான் தொடச்சி பூஜ போட்டு குடுத்தாச்சே மாமா. நல்ல நாளும் அதுவுமா பேஜாரு பண்ணாத."

"அப்ப தெரியும்?"

"உனுக்குக் கண்ணு ஆபரேசன். எதுக்கு டென்சன் குடுக்கணும்னு சொல்லல."

பின்னாலிருந்து என் வீட்டுக்காரி குரல் வந்தது. "ஆபரேசன் கண்ணுலதான்டா பண்ணாங்க. காதுல இல்ல. சொன்னா கேட்டுக்குனு இருப்பாரு இல்ல?"

நாங்கள் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுத்தான் வந்தோம். அந்தப் பெண் என்ன பாவம் பண்ணினாள்?

மறுநாள் டாக்டரையும் மீறி வண்டியைப் பிரித்தேன். கிக்கரைக் கையால் அழுத்தினேன், இறங்கவில்லை. அடிப்பக்கம் திறந்தால் காப்பி நிறத்தில் தண்ணீர் சொட்டுகிறது. புதுப்பேட்டையெல்லாம் அலைந்து வாங்கின பேரிங் சிவப்பாக, கட்டியாக. அலுமினியக் கூட்டில் வெள்ளை வெள்ளையாகப் பூத்திருக்கிறது. விரலால் தொட்டால் மாவு மாதிரி உதிர்கிறது. பேரிங்கைத் தேடினால் இன்னொன்று கிடைக்கும். அந்தக் கூட்டுக்கு நான் எங்கே போவேன்?

கடல் ஒரு காலை நேரத்தில் இதைச் செய்யவில்லை. மூடி வைத்த நாட்கள் செய்தன. அன்றைக்கே வாய் திறந்திருந்தால் நல்ல தண்ணீர் ஊற்றிக் கழுவி, உள்ளே டீசலை ஊற்றி ஊறவைத்து, அடுத்த நாளே பிரித்துத் துடைத்திருக்கலாம். என்னால் குனிய முடியாவிட்டால் ஒரு மெக்கானிக்கை உட்கார வைத்துச் சொல்லியிருப்பேன். உப்பைத் துடைக்காமல் அதன் மேல் சந்தனத்தைப் பூசிச் சாமி பெயரையும் சொன்னார்களே, அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. போன வாரம் அந்த பேனர் படத்தைச் சட்டம் போட்டு எனக்கே அன்பளிப்பாக அனுப்பியிருக்கிறான் மாப்பிள்ளை. சுவரில் மாட்ட வேண்டுமாம்.

இதைப் படிக்கிறவர்கள் உங்கள் வீட்டுப் பிள்ளைகளிடம் சொல்லுங்கள். அடுத்தவன் வண்டியை வாங்கிப் போய் ஏதாவது ஆகிவிட்டால் அன்றைக்கே வந்து சொல்லச் சொல்லுங்கள். திட்டு விழும். நானாக இருந்தால் கண்டபடி திட்டியிருப்பேன். திட்டிக்கொண்டே குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றிக் கழுவியும் இருப்பேன், வண்டி பிழைத்திருக்கும். மறக்காமல் சொல்லுங்கள். முக்கியமாக, முகூர்த்த மாசம் வருவதற்கு முன்னால் சொல்லிவிடுங்கள்.