இங்கே அண்ணன் பேச்சு, அங்கே அவள் பேச்சு

போலந்தில் நாங்கள் இருக்கும் குடியிருப்பில், லிஃப்டில் யார் ஏறினாலும் "ஜென் தோப்ரே" என்று வணக்கம் சொல்லியாக வேண்டும். முன்னே பின்னே பார்த்திராத ஆளாக இருந்தாலும் சரி. திருச்சி டவுன் பஸ்ஸில் இந்தப் பழக்கத்தை ஆரம்பித்தால் சத்திரம் பஸ் ஸ்டாண்ட் போய்ச் சேர்வதற்குள் தொண்டை கட்டிவிடும். எனக்கு நாலு வருஷத்தில் பழகிப்போயிற்று. ஆனால் மூன்றாம் மாடி ஒக்ஸானா மட்டும் இப்போதெல்லாம் என்னைக் கண்டால் சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாள்.

அவள் உக்ரைன்காரி. போருக்குத் தப்பி மகளோடு வந்தவள். அவளுடைய அண்ணன் போர்முனையில் காணாமல் போய்விட்டான்; இருக்கிறானா இல்லையா என்றே தெரியாது. என் வீட்டு எலுமிச்சை சாதத்தைச் சாப்பிட்டுக்கொண்டே ஒருநாள் கேட்டாள்: "உன் நாடு ஏன் ரஷ்யாவிடம் எண்ணெய் வாங்குகிறது?" ஊரை விட்டுக்கொடுக்க எனக்கு மனசு வரவில்லை. அண்ணன் போனில் என்னோடு சண்டை போடும்போது சொல்வதையெல்லாம் அரைகுறை போலிஷில் அப்படியே ஒப்பித்தேன். எங்கள் ஜனங்கள் வண்டி ஓட்ட வேண்டாமா, கஷ்டகாலத்தில் கூட நின்ற நண்பனைக் கைவிடலாமா என்றேன். அவள் ஸ்பூனைக் கீழே வைத்தாள். "என் அண்ணனை இப்படி ஆக்கியவர்கள் உனக்கு நண்பர்களா?" என்றாள். நான் நாட்டைத்தான் சொன்னேன், ஆட்களை இல்லை என்று விளக்க எனக்கு அந்த மொழி போதவில்லை. தமிழில் மட்டும் விளக்கிக் கிழித்திருப்பேனாக்கும்!

தை மாதம் மகள் நிலாவுக்குக் காது குத்த ஊருக்குப் போயிருந்தோம். ஸ்ரீரங்கத்தில் மாமியார் வீட்டு மொட்டைமாடியில் பந்தல். குழந்தையைத் தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தான் காது குத்த வேண்டும். அண்ணன் எடமலைப்பட்டி புதூரிலிருந்து அண்ணியோடு சீர்த்தட்டுகளைச் சுமந்துகொண்டு காலையிலேயே வந்துவிட்டார். திருவெறும்பூர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் வெல்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அப்பா போன பிறகு என்னை வளர்த்து ஆளாக்கியவர் அவர்தான். அவருக்கு ஒரே மகன், பிரபு. ராணுவத்தில், காஷ்மீர் எல்லையில் இருக்கிறான்.

காது குத்தும் பத்தர் ஊசியை எடுத்துவைத்துக்கொண்டிருந்தார். நிலா அண்ணன் மடியில் லட்டைப் பிய்த்துக்கொண்டிருந்தாள். அண்ணன் சிரித்துக்கொண்டேதான் ஆரம்பித்தார்.

"என்ன செல்வி, உங்க ஐரோப்பாக்காரங்க இன்னும் நம்மளத் திட்டிக்கிட்டுத்தான் இருக்காங்களா?"

"திட்டினா என்ன தப்புண்ணே? அங்க கொத்துக்கொத்தா சாகறாங்க. நாம எண்ணெய் வாங்கிட்டு வேடிக்கை பார்க்கிறோம்."

ஒக்ஸானாவின் அண்ணனைப் பற்றிச் சொன்னேன். கேட்டுவிட்டு, நிலாவின் பாவாடையில் சிந்திய லட்டுத் தூளைத் தட்டிவிட்டார்.

"பாவந்தாம்மா. ஆனா சண்டைன்னா நாலு பேரு போகத்தான் செய்வாங்க. அதுக்காக ஒரு நாடு அதோட வழியை மாத்திக்குமா?"

எனக்கு எங்கிருந்து அந்த ஆத்திரம் வந்ததோ! "நாளைக்கு நம்ம பிரபு பெட்டியில வந்து இறங்கினாலும் இப்படித்தான் சொல்வீங்களா?" என்று கேட்டுவிட்டேன்.

நல்ல நாளும் அதுவுமாக, ஊரைக் கூட்டிவைத்துக்கொண்டு, என் வாயிலிருந்து. அண்ணி தூணைப் பிடித்துக்கொண்டார். அண்ணன் எழுந்து போயிருந்தால்கூடக் காலைப் பிடித்து இழுத்து வந்திருப்பேன். அவர் எழுந்திருக்கவில்லை. குழந்தையை நிமிர்த்தி உட்காரவைத்து, பத்தரைப் பார்த்துத் தலையாட்டினார். நிலா வீறிட்டபோது கண்ணைப் பொத்தி, "முடிஞ்சிருச்சுடா தங்கம், மாமா இருக்கேன்ல" என்றார். தோட்டைப் போட்டு, மாலையைப் போட்டு, சீர்த்தட்டுகளை ஒவ்வொன்றாக என் கணவர் கையில் கொடுத்தார். பந்தியில் உட்காராமல் படியிறங்கினார்.

ஓடிப்போய்க் கையைப் பிடித்தேன். "தெரியாம வந்துடுச்சுண்ணே."

"மாமன் செய்ய வேண்டியதைச் செஞ்சுட்டேம்மா" என்று கையை மெல்ல விடுவித்துக்கொண்டார்.

அண்ணிதான் நின்று சொன்னார்: "நான் நினைக்கக்கூடப் பயப்படுற வார்த்தை செல்வி அது. இனிமே போன் பண்ணாத."

பண்ணாமல் இருக்க முடியவில்லை. போலந்துக்குத் திரும்பி வந்ததிலிருந்து தினமும் அடிக்கிறேன், மணி மட்டும் போகிறது. என்ன பிழைப்பு இது! இங்கே அண்ணன் பேச்சைப் பேசி ஒக்ஸானாவை இழந்தேன். அங்கே அவள் பேச்சைப் பேசி அண்ணனை இழந்தேன். இரண்டிலும் நான் சொன்னது முழுப் பொய்யும் இல்லை. என் சொந்தக் கருத்து என்ன என்று யாராவது கேட்டால், சத்தியமாகத் தெரியவில்லை.

போன வாரம் நம் எல்லையில் மறுபடி துப்பாக்கிச் சத்தம் என்று செய்தி வந்தது. அன்றிலிருந்து காலையில் காபி போடுவதற்கு முன்பே போனில் இரண்டு பட்டியல்களைத் தேடுகிறேன். முதலாவது, காஷ்மீரில் இறந்த வீரர்களின் பெயர்கள். அடுத்தது, ரஷ்யா விடுவித்து அனுப்பும் உக்ரைன் கைதிகளின் பெயர்கள். அந்த எழுத்து எனக்குப் படிக்க வராது, போனை மொழிபெயர்க்கச் சொல்லி ஒவ்வொரு வரியாகப் பார்க்கிறேன். முதல் பட்டியலில் ஒரு பெயர் இருக்கக் கூடாது. இரண்டாவதில் ஒரு பெயர் இருக்க வேண்டும். எது எப்படி ஆனாலும், ஓடிப்போய் உட்கார்ந்து சேர்ந்து அழுவதற்கு எனக்கு இரண்டு வீட்டிலும் இடமில்லை.