அடுத்த கடை வரைக்கும் ஓடும் சில்லு

போர் முடிந்து, முகாமிலிருந்து நாங்கள் ஊருக்குத் திரும்பிய அடுத்த வருடம், சோளகக் காற்று அடிக்கும் காலத்தில் நடந்தது இது. எங்கள் ஊர் மன்னாரிலிருந்து பூநகரி போகும் வீதியில், விடத்தல்தீவையும் தாண்டி வடக்கே இருக்கிறது. அப்போது அதை வீதி என்று சொல்வதே பெரிய மரியாதை. தார் எப்போதோ போய்விட்டது. கிரவல் மண்ணும் குழி கிடங்கும்தான் மிச்சம். இரண்டு பக்கமும் மிதிவெடி இருக்கிறது என்று மண்டையோடு கீறிய சிவப்புப் பலகைகள் நட்டிருந்தார்கள்.

ஊரில் முதல் கார் எங்களுடையது. என் கணவர் வாடகைக்கு ஓடுவதற்காகக் கொழும்பில் எடுத்த பழைய ஜப்பான் கார். அதைப் பார்க்க வந்தவர்கள் டிக்கியைத் திறந்து, மாற்றுச் சக்கரமாக வைத்திருந்த ஸ்பெயார் சில்லைக் கண்டதும் சிரித்தார்கள். மற்றச் சில்லுகளின் அரைவாசி அகலம்கூட இல்லை. "இதென்ன, காரின்ர குட்டியோ?" என்று பக்கத்து வீட்டு அக்கா கேட்டார். அதில் ஒரு மஞ்சள் தாள் ஒட்டியிருந்தது. மணிக்கு எண்பது கிலோமீற்றருக்கு மேல் ஓடக்கூடாது, அடுத்த ரயர் கடை வரைக்கும் மட்டும்தான் என்று அதில் எழுதியிருப்பதாகக் கணவர் வாசித்துச் சொன்னார்.

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். "அடுத்த கடை மன்னாரிலயெல்லோ இருக்கு. அதுவரைக்கும் இது ஓடுமே? முழுச் சில்லு ஒண்டு வாங்கி வையுங்கோ" என்று அன்றே சொன்னேன். அதற்கு இடமில்லை என்று அவர் சொன்னதிலும் ஞாயம் இல்லாமல் இல்லை. டிக்கியில் இருந்த குழி அந்தச் சின்னச் சில்லுக்கென்றே செய்தது. முழுச் சில்லு வைத்தால் மேலே துருத்திக்கொண்டு நிற்கும். பிறகு சனத்தின் மூட்டை முடிச்சுகளை எங்கே வைப்பது? ஆஸ்பத்திரிக்கும் அரசாங்கக் கச்சேரிக்கும் போகிறவர்கள் யாராவது வெறுங்கையோடு வருவார்களா? இப்படியே பேசிப் பேசி அந்தக் கதை கிடப்பில் போய்விட்டது.

எனக்கு இரண்டு சகோதரர்கள். மூத்தவன் கடைசிச் சண்டையில் காணாமல் போனான். எங்கே, எப்படி என்று சொல்ல ஒருவரும் இல்லை. அவன் இறந்துவிட்டான் என்று அம்மா இன்றுவரை ஒத்துக்கொண்டதில்லை. முகம் பார்க்காமல் எப்படி ஒத்துக்கொள்வது என்பார். இளையவன் மன்னாரில் கடற்கரையோரம் இருக்கும் பள்ளிமுனையில் கலியாணம் செய்து, அங்கேயே கடலுக்குப் போய்க்கொண்டிருந்தான். அந்தச் சோளகத்தில் அவனுடைய படகு கவிழ்ந்தது.

அவனைத் தேடி எடுத்து, ஆஸ்பத்திரியில் பரிசோதனை முடித்து வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகுதான் எங்களுக்குச் சேதி கிடைத்தது. எங்கள் ஊரில் குளக்கட்டில் ஏறினால் மட்டும்தான் அந்நாளில் தொலைபேசி வேலை செய்யும். அவன் மனைவியின் அண்ணன்தான் பேசினார். "உடம்பு தண்ணியில கிடந்தது தங்கச்சி. பின்னேரத்துக்கு மேல வைச்சிருக்க ஏலாது. முகம் மட்டும் பழுதில்லை. அம்மாவைக் கெதியாக் கூட்டிக்கொண்டு வாங்கோ."

அந்த ஒரு வரியை அம்மா பிடித்துக்கொண்டார். முகம் பழுதில்லை. அழக்கூட இல்லை. சேலையை மாற்றிக்கொண்டு, செபமாலையைக் கையில் சுற்றிக்கொண்டு காரில் ஏறி உட்கார்ந்துவிட்டார். இந்தப் பிள்ளையின் முகத்தையாவது பார்த்துவிட வேண்டும். அவருக்கு உலகத்தில் வேறு ஒன்றும் இருக்கவில்லை.

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. செத்த வீட்டுக்குப் போகும் வாகனத்தில் ஏற வந்தவரை விட்டுவிட்டுப் போவதில்லை. ஐந்து பேர் போகும் காரில் எட்டுப் பேர் ஏறினோம். எங்கள் மூன்று பேரையும் தவிர மற்றவர்கள் எல்லாம், பக்கத்து வீட்டு அக்கா உட்பட, முகாமில் அம்மாவுக்குப் பக்கத்தில் பாய் போட்டுப் படுத்த பெண்கள். அரிசி, தேங்காய், வாழைக்குலை என்று டிக்கியும் நிறைந்துவிட்டது. கார் பின்பக்கம் தாழ்ந்து நின்றது. கணவர் ஒருமுறை சுற்றிப் பார்த்துவிட்டு ஏறினார்.

பாதிகூடப் போகவில்லை, முன் சில்லு ஒன்று காற்றுப் போய்விட்டது. மீள்குடியேற்ற வீடுகளுக்குக் கூரைத்தகரம் ஏற்றிப்போகும் லொறிகளிலிருந்து சிந்திய ஆணி. மிதிவெடிப் பலகைகளுக்குப் பயந்து ஓரம்கட்ட முடியாமல், நடு வீதியிலேயே ஜக் வைத்துச் சில்லைக் கழற்றினார். சாமான்களையெல்லாம் இறக்கி, அந்தக் குட்டிச் சில்லை எடுத்துப் பூட்டினால், கார் ஒரு பக்கம் நொண்டிக்கொண்டு நின்றது. வாங்கிய நாளிலிருந்து யாரும் அதில் காற்றுப் பார்த்ததில்லை. பெருவிரலால் அழுத்தினால் உள்ளே போனது. கழற்றிய பெரிய சில்லோ டிக்கிக் குழிக்குள் இறங்கவில்லை. புழுதியோடு அதைத் தூக்கி எங்கள் மடியில் வைத்தார்.

"இஞ்ச பாரும், இந்தச் சில்லு இவ்வளவு பேரைத் தாங்காது" என்று என் காதுக்குள் சொன்னார்.

"ஆரை இறக்கப் போறீங்கள்?" என்றேன். அவர் காருக்குள் இருந்தவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தார்.

ஆனால் பக்கத்து வீட்டு அக்காவுக்கு விளங்கிவிட்டது. "நாங்கள் இறங்கிறம் பிள்ளை. அம்மாவை மட்டும் கொண்டுபோங்கோ, நாங்கள் பின்னால வாறம்" என்று கதவைத் திறந்தார். அம்மா அவருடைய கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"என்னைத் தனிய அனுப்பாதை. அவனை நான் தனியப் பாக்கமாட்டன்."

அந்தக் குரலைக் கேட்ட பிறகு யார்தான் இறங்குவார்கள்? கதவைச் சாத்தினோம்.

நடக்கிற வேகத்தில்தான் கார் போனது. ஒவ்வொரு கிடங்கிலும் சில்லின் வளையம் தரையில் இடித்தது. ஒரு சின்னப் பாலத்தைத் தாண்டும்போது வெடித்தது. இறங்கிப் பார்த்தால் ரயர் கந்தலாகிக் கிடந்தது, வளையமும் நெளிந்துவிட்டது. வெயில் கொளுத்தியது. முன்னுக்கும் பின்னுக்கும் ஒரு வாகனம் இல்லை. கைத்தொலைபேசியைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தபடி நடந்து பார்த்தேன். ஒன்றும் எடுபடவில்லை. கொஞ்சம் பொறுங்கள் என்று ஒரு சொல் சொல்வதற்குக்கூட வழியில்லை. கணவர் வீதியில் குந்தியிருந்து அந்தச் சில்லையே பார்த்துக்கொண்டிருந்தார். அவரைத் திட்ட நாக்கு நுனி வரை வந்தது. முகத்தைப் பார்த்துவிட்டு விழுங்கிக்கொண்டேன். அம்மா காரை விட்டு இறங்கவில்லை. முன்கண்ணாடிக்கு வெளியே பார்த்தபடி செபமாலை உருட்டிக்கொண்டிருந்தார்.

வெகுநேரத்துக்குப் பிறகு ஒரு உழவு இயந்திரம் வந்தது. பின்பெட்டி நிறையக் கூரைத்தகரம். ஓட்டி வந்தவரை நாங்கள் முன்பின் கண்டதில்லை. விசயத்தைச் சொன்னதும் அவர் ஒரு கேள்வி கேட்கவில்லை. பெட்டியைத் தகரத்தோடு நடு வீதியிலேயே கழற்றி விட்டார். "வாங்கோ அம்மா, மட்காட்டில ஏறி என்ரை தோளைப் பிடிச்சுக்கொள்ளுங்கோ" என்றார். ஒரு பக்கம் அம்மா, மறுபக்கம் நான். மற்றவர்கள் கணவரோடு காரடியில் நின்றார்கள். அவருடைய வீட்டுக் கூரை அங்கே காற்றில் கிடந்தது. அவர் திரும்பிப் பார்க்கவில்லை. அப்படியான மனிதர்களும் இருந்தார்கள் என்பதை எழுதாமல் விட்டால் பாவம். ஆனால் உழவு இயந்திரம் எவ்வளவுதான் ஓடும்?

தள்ளாடி என்ற இடத்தில் இருந்த இராணுவச் சோதனைச் சாவடியில் எங்களை இறக்கி, பெயர் பதிந்த பிறகே விட்டார்கள். மன்னார்ப் பாலத்தைத் தாண்டும்போதே வெயில் மஞ்சளாகிவிட்டது. பள்ளிமுனையில் அவன் வீட்டு முற்றத்தில், வந்த சனம் இருந்த கதிரைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டிருந்தார்கள். அதைக் கண்டதுமே எனக்குத் தெரிந்துவிட்டது. அம்மாவுக்கும் தெரிந்திருக்கும். ஆனாலும் உள்ளே ஓடி, வெறும் மேசையைப் பார்த்துவிட்டு வந்தார்.

அவர்களையும் குறை சொல்ல முடியாது. முடிந்த மட்டும் பொறுத்திருக்கிறார்கள். பங்குச் சுவாமியார் இரண்டு தடவை வந்து திரும்பியிருக்கிறார். கடைசியில் உடம்பு பொறுக்கவில்லை. சவக்காலைக்குப் போனபோது மண் மூடிப் பூவும் வைத்தாகிவிட்டது. ஈர மண்ணில் அம்மா முகம் குப்புற விழுந்தார். "ஒருக்காத் திறவுங்கோ. முகத்தை மட்டும் பாத்திட்டு விடுறன்" என்று கும்பிட்டார். மண்வெட்டியோடு நின்றவர்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். நானும் அவன் மனைவியின் அண்ணனுமாகச் சேர்ந்து அவரைத் தூக்கிக்கொண்டு வந்தோம்.

அடுத்த மாதமே கணவர் முழுச் சில்லு ஒன்று வாங்கி, காரின் கூரையில் கட்டிவிட்டார். இப்போது வீதியெல்லாம் வழுவழுவென்று கார்ப்பெற் தார் போட்டாகிவிட்டது. ஆனாலும் புதிதாகக் கார் எடுக்கும் எவரையும் நான் விடுவதில்லை. முதலில் டிக்கியைத் திறந்து பாருங்கள், குட்டிச் சில்லுத்தான் என்றால் மாதம் ஒருமுறையாவது காற்றுப் பாருங்கள், ஆட்களைக் குறைத்து ஏற்றுங்கள், தூரப் பயணமென்றால் இடம் போனாலும் பரவாயில்லை, முழுச் சில்லைக் கொண்டுபோங்கள் என்று நச்சரிப்பேன். அந்தக் குட்டிச் சில்லைச் செய்தவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. அடுத்த கடை பக்கத்தில்தான் இருக்கும் என்று நம்பி வாழக்கூடிய ஒரு நாட்டிலிருந்து அதைச் செய்திருக்கிறார்கள்.

அம்மாதான் அந்த வீதியை விட்டு இன்னும் வரவில்லை. பள்ளிமுனையிலிருந்து யார் வந்தாலும், அவன் முகம் எப்படி இருந்தது என்று கேட்பார். ஒருவர் நித்திரை கொள்வதுபோல என்பார். இன்னொருவர் நெற்றியில் சின்னக் காயம் என்பார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, அவர்கள் போன பிறகு என் பக்கம் திரும்பி, "நான் அண்டைக்கு அவையளைக் காரால இறங்க விட்டிருந்தா நேரத்துக்குப் போயிருப்பம், என்ன பிள்ளை?" என்பார். சில்லைப் பற்றி ஊருக்கெல்லாம் புத்தி சொல்லும் எனக்கு, இத்தனை வருடமாகியும் அந்த ஒரு கேள்விக்குச் சொல்ல ஒரு பதில் கிடைக்கவில்லை.