நாற்பது பெட்டிக்கும் ஒரே சாவி

கம்பத்தில் ஏறி ஒயர் இழுக்கிற தொழிலில் எனக்கு ரெண்டு பகை: ஒன்று கேமரன் மலை மழை, இன்னொன்று "நேத்து வரைக்கும் நல்லாத்தான் இருந்துச்சு" என்கிற கஸ்டமர்.

ரிங்லெட்டில் எனக்கு ஒரு சின்னக் கடை. வைஃபை, கேமரா, ஒரு மலையிலிருந்து எதிர்மலைக்குப் படத்தைக் காற்றிலேயே அனுப்புகிற பெட்டி, எல்லாம் மாட்டிக் கொடுப்பேன். படித்துவிட்டு வந்தவள் இல்லை. ரோட்டோரத்தில் போன் கார்டு விற்று, உடைந்த போனுக்குக் கண்ணாடி மாற்றி, நாலு பேரிடம் ஏமாந்து, அந்த நாலு பேரிடமும் சண்டை போட்டுக் கற்றுக்கொண்டது. வாய் கொஞ்சம் நீளம், கோபம் அதைவிட நீளம். வீட்டு மூலையில் ஒரு பெட்டியைச் செருகிவிட்டு, அதில் எரிகிற பச்சை விளக்கை நம்பி நிம்மதியாக இருக்கிற நீங்களும் என் கூட்டாளிதான். அதனால்தான் உங்களிடம் சொல்கிறேன்.

ரெட்டைப் பிள்ளைகள்

ஈப்போவில் நான் சாமான் எடுக்கிற கடை தவுக்கே லிம்முடையது. தவுக்கே என்றால் இங்கே சீன முதலாளி. தோட்டத்து ஆட்களோடு வியாபாரம் பண்ணிப் பண்ணி நன்றாகவே தமிழ் பேசுவார். காற்றில் படம் அனுப்புகிற பெட்டி நாற்பது வேண்டுமென்று போயிருந்தேன். ரெண்டு மாடலை எடுத்து மேசைமேல் வைத்தார். பார்க்க ரெட்டைப் பிள்ளைகள் மாதிரி. ஆனால் ஒன்று விலை கூட. ஏன் என்று கேட்டால், "உள்ளே வேற" என்றார். ரெண்டுக்கும் கரண்டு கொடுத்துப் பார்த்தேன். ரெண்டிலும் மூணு விளக்கு. ரெண்டிலும் ஒரே வேகம். உள்ளே வேறயாம், யாரிடம் விடுகிறார் கதை என்று குறைந்த விலைப் பெட்டியைக் கையில் எடுத்தேன்.

அதற்கும் பேரம். மூன்று தடவை எழுந்தேன். மூன்றாவது தடவை வேன் வரைக்கும் நடந்துபோய்க் கதவையும் திறந்துவிட்டேன். பின்னாலேயே வந்து நான் சொன்ன விலைக்கு ஒத்துக்கொண்டார். நான் ஜெயித்துவிட்ட முகத்தோடு பெட்டிகளை ஏற்றிக்கொண்டிருந்தபோது தவுக்கே சொன்னது: "விலை நீ சொன்னது. உள்ளே என்ன இருக்கு, இனிமே என்கிட்ட கேக்காத லா."

மலைமேல் இருந்து ஒரு கண்

அந்த நாற்பதில் ரெண்டு, கோலா தெர்லாவுக்கு எதிர்மலையில் இருக்கிற ஒரு தேயிலைத் தோட்டத்துக்குப் போனது. அங்கே ஆயாக்கொட்டகை உண்டு. கொழுந்து வெட்டப் போகிற தாய்மார் பிள்ளைகளை விட்டுவிட்டுப் போகிற இடம். பார்த்துக்கொள்வது ஸ்டெல்லா அக்கா. பூங்கொடி என்கிற பெண்ணுக்கு மூன்று வயது மகள். இழுப்பு நோய் உள்ள குழந்தை. ஒரு நாள் காலையிலேயே அதற்கு மூச்சு இழுத்திருக்கிறது. மேல்மலையில் நின்ற தாய்க்குச் சேதி போய்ச் சேரும்போது மத்தியானம் தாண்டிவிட்டது. அதிலிருந்து பூங்கொடி வேலைக்கே போகவில்லை. தாய்மார் எல்லாரும் சேர்ந்து தோட்டத்து மேனேஜர் துரையிடம் போய்க் கேட்டுத்தான் கொட்டகைக்குக் கேமரா வந்தது.

கொட்டகைக் கூரையில் ஒரு பெட்டி, பள்ளத்துக்கு அந்தப் பக்கம் ஆபீஸ் கூரையில் ஒரு பெட்டி. அங்கிருந்து தாய்மார் போனுக்குப் படம் போகும். மறுநாளே பூங்கொடி வேலைக்கு இறங்கினாள். தேத்தண்ணி நேரத்தில் மலைமேல் வரிசையாக உட்கார்ந்து ஆளுக்கொரு போனைப் பார்ப்பார்கள். யார் பிள்ளை யார் பாலைக் குடித்தது என்று அங்கிருந்தே பஞ்சாயத்து நடக்கும். ஸ்டெல்லா அக்கா கேமராவைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு என்னிடம் சொன்னது: "இனிமே நான் தும்முனாக்கூட மலைமேல இருந்து நூறாயுசுன்னு வாழ்த்துவாளுங்க போல."

கடவுச்சொல் மகாராணி

கடவுச்சொல் விஷயத்தில் நான் ரொம்பக் கறார். வேலு அண்ணனுக்குக் கோலா தெர்லாவில் தக்காளிப் பண்ணை, கியா பார்மில் ஸ்ட்ராபெரி கடை. கடையில் வைஃபை கடவுச்சொல்லை விலைப்பலகையில், ஸ்ட்ராபெரிக்கும் சோளத்துக்கும் நடுவில் சாக்பீஸால் எழுதிவைத்திருந்தார். ரோடென்றும் பார்க்காமல் கத்தினேன். ஆயாக்கொட்டகைப் பெட்டிக்கு நான் வைத்த கடவுச்சொல்லைப் பாருங்கள், எழுத்தும் எண்ணுமாக இருபது, எனக்கே பார்த்துத்தான் அடிக்க வரும் என்று பெருமையும் அடித்துக்கொண்டேன்.

ஒன்றை மட்டும் யோசிக்கவில்லை. ஒரு பெட்டியைச் சரிபண்ணி, அந்த அமைப்பை ஒரு கோப்பாக எடுத்து, மீதிப் பெட்டிகளில் ஊற்றிவிடுவது என் வழக்கம். ஒரு காலை நேரத்தில் பத்துப் பெட்டி தயாராகிவிடும். அந்தக் கோப்பைத் திறந்து பார்த்தால் கிறுக்கலாக இருக்கும், பூட்டி வைத்திருக்கிறார்கள். இந்தப் பெட்டி பூட்டியதை அந்தப் பெட்டி எப்படித் திறக்கிறது என்று ஒரு நாளும் கேட்டதில்லை. வேலை சீக்கிரம் முடிந்தால் யார் கேட்பார்கள், நீங்களே சொல்லுங்கள். நான் கத்தி முடித்ததும் வேலு அண்ணன் பலகையைத் துடைக்காமலே சொன்னது: "வர்றவன் போறவன் எல்லாம் பாஸ்வேர்டு கேப்பான், பதில் சொல்ல நீ வந்து நிக்கிறியாம்மா?"

தக்காளிப் பண்ணையில் பாய்

ஒரு செவ்வாய்க்கிழமை, முட்டைக்கோஸ் ஏற்ற வந்த லோரி பின்னால் எடுத்து வேலு அண்ணன் பண்ணைக் கம்பத்தைச் சாய்த்துவிட்டது. அந்த நாற்பதில் ஒன்று அதில் இருந்தது, நொறுங்கிவிட்டது. கம்பத்தை நிமிர்த்தி, விற்காமல் மீந்தவை இருந்த அட்டைப்பெட்டியிலிருந்து புதுப் பெட்டி ஒன்றை எடுத்து மாட்டி, போனில் பார்த்தேன். தக்காளிச் செடி தெரிய வேண்டிய இடத்தில் மஞ்சள் பாய் தெரிந்தது. பாயில் அஞ்சாறு பிள்ளைகள் தூங்குகிறார்கள். ஒன்று விரல் சூப்புகிறது. ஸ்டெல்லா அக்கா முதுகைக் காட்டிக்கொண்டு பால் போத்தல் கழுவுகிறார்.

தப்பான கோப்பை ஊற்றிவிட்டேன் என்று முதலில் நினைத்தேன். ஆனால் இந்தப் பெட்டியில் இன்னும் எதையுமே ஊற்றவில்லையே. அட்டைப்பெட்டியிலிருந்து இன்னொன்றை எடுத்து மாட்டினேன். அதே பாய், அதே பிள்ளைகள். இருபது எழுத்துக் கடவுச்சொல்லை இந்தப் பெட்டி என்னிடம் கேட்கவே இல்லை. எதிர்மலையில் இருந்து வந்த படத்தைத் தன் வீட்டுச் சாமான் மாதிரி எடுத்துத் திறந்துகொண்டது. கம்பத்தில் நின்றபடியே ஸ்டெல்லா அக்காவைக் கூப்பிட்டு, "கரண்டுல ஏதோ கோளாறு, கூரைப் பெட்டியை இப்பவே புடுங்கிப் போடுங்க" என்றேன். பொய்தான். படம் கறுத்துப்போனதும்தான் மூச்சு வந்தது. என் தோளுக்குப் பின்னால் ஏணியில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்த வேலு அண்ணன் கேட்டது: "ஏம்மா ஜெயா, என் தக்காளித் தோட்டத்துல யாரு புள்ளைங்களைத் தூங்க வச்சது?"

விளக்கை எண்ணியவள்

வேனுக்குள் உட்கார்ந்து தவுக்கேயைக் கூப்பிட்டுக் கத்தினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, தயாரித்த ஆளை விசாரிக்கிறேன் என்று வைத்துவிட்டார். ஒரு மணி நேரம் கழித்துக் கூப்பிட்டார். விஷயம் இதுதான். நான் மாற்றுகிற கடவுச்சொல் பெட்டியின் அமைப்புப் பக்கத்துக்குள் நுழைய மட்டும்தான். காற்றில் போகிற படத்தைப் பூட்டுவது வேறொரு சாவி. அதைத் தொழிற்சாலையிலேயே நிரலோடு சேர்த்து எழுதிவிட்டார்கள். அந்த மாடல் பெட்டி அத்தனைக்கும் அதே சாவி. என்னாலும் மாற்ற முடியாது, யாராலும் மாற்ற முடியாது. புது நிரலும் வராது, அந்த மாடலைச் செய்வதையே நிறுத்திவிட்டார்கள். யாராவது ஒருத்தன் ஒரே ஒரு பெட்டியைப் பிரித்து அந்தச் சாவியை எடுத்துவிட்டால், அவனிடம் நாற்பதின் சாவியும் இருக்கிறது. பிரிக்கக்கூட வேண்டாம், என்னை மாதிரி இன்னொன்றை வாங்கிக் கம்பத்தில் மாட்டினால் போதும்.

நான் குடியிருந்த லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீட்டில், ஒரு சமயம் தோட்டத்து ஸ்டோரிலிருந்து வீட்டுக்கு வீடு பூட்டு கொடுத்தார்கள். எல்லாம் ஒரே அச்சு. யார் சாவியும் யார் வீட்டையும் திறக்கும். அது லயத்துக்கே தெரியும் என்பதால், அந்தப் பூட்டை நம்பி யாரும் எதையும் உள்ளே வைக்கவில்லை. ஆடு நுழையாமல் இருக்கப் பூட்டினார்கள், அவ்வளவுதான். இங்கே பூட்டின் லட்சணம் தெரியாமல், இருக்கிறதிலேயே பெரிய சொத்தை உள்ளே படுக்கவைத்திருக்கிறோம். விலை கூடின பெட்டியில் சாவியை வாங்குகிறவரே வைத்துக்கொள்ளலாமாம். அதை ஏன் அன்றைக்கே சொல்லவில்லை என்று கேட்டதற்குத் தவுக்கே சொன்னது: "உள்ளே வேறன்னு நான் சொன்னேன். நீ விளக்கை எண்ணினே."

கிராணி காட்டிய வழி

புதன்கிழமை தோட்டத்து ஆபீசுக்குப் போனேன். ஆபீஸ் கணக்குவழக்கெல்லாம் பார்க்கிற கிராணி ஒருத்தர் உண்டு. அவரிடம் மட்டும் உண்மையைச் சொன்னேன். அவர் எழுந்து கதவைச் சாத்தினார். லயத்து வீடு எல்லாவற்றுக்கும் வைஃபை மாட்டுகிற வேலையை எனக்குக் கொடுக்கத் துரை கையெழுத்துப் போடப்போகிற வாரம் அது. இப்போது வாயைத் திறந்தால் அது போகும், ரெண்டு மாசம் கழித்துச் சத்தமில்லாமல் பெட்டியை மாற்றிவிடு, அதுவரைக்கும் மறுபடி செருகிவிடு என்றார்.

நான் ஒன்றும் பெரிய உத்தமி இல்லை. அந்த வேலைக்காக ஆறு மாசம் அலைந்தவள். அன்றைக்கும் மறுநாளும் அவர் சொன்னதை மனசுக்குள் வைத்துப் பேரம் பேசிக்கொண்டுதான் இருந்தேன். பெட்டியைச் செருகவும் இல்லை, உண்மையைச் சொல்லவும் இல்லை. கேமரா கறுத்துப்போனதால் பூங்கொடி ரெண்டு நாளும் வேலைக்குப் போகவில்லை என்று ஸ்டெல்லா அக்கா போனில் சொன்னார். என்னைப் பேரத்திலிருந்து எழுப்பிவிட்டது அந்தச் சேதியும், நான் ஆபீசை விட்டுக் கிளம்பும்போது கிராணி சொன்ன ஒரு வார்த்தையும்தான்: "படத்துல இருக்கறது தூங்குற புள்ளைங்கதானே, தங்கமா வைரமா?"

பெரட்டுக் களத்தில்

வெள்ளிக்கிழமை விடிந்ததும் பெரட்டுக்குப் போனேன். வேலைக்கு இறங்குவதற்கு முன்னால் எல்லாரும் பெயர் கொடுக்க நிற்கிற இடம். மூடுபனியில் முகம் பாதிதான் தெரிந்தது. பூங்கொடி மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு ஓரமாக நின்றாள். கரண்டுக் கோளாறு இல்லை, நான் பொய் சொன்னேன் என்று ஆரம்பித்து, பாய் தெரிந்தது வரைக்கும் சொன்னேன். பேரம் பேசிக் குறைந்த விலைப் பெட்டியை எடுத்தது நான்தான் என்பதையும் சொன்னேன்.

யாரும் கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும், பதிலுக்குக் கத்தத் தெரியும். ஒருத்தி மட்டும், "யாரு யாரு பாத்தாங்க?" என்று கேட்டாள். தெரியாது என்றேன். இனிமேலும் தெரியாது, யார் எட்டிப் பார்த்தார்கள் என்று அந்தப் பெட்டி குறித்துவைக்காது. கடைசியில் பூங்கொடி மகளை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டு சொன்னது: "பெட்டி தப்பா வந்ததுக்கு உங்களை ஒண்ணும் சொல்லலக்கா, இதைச் சொல்ல மூணு நாளு எதுக்கு?"

பேரம் இல்லாத நாள்

அங்கிருந்து நேராக ஈப்போவுக்கு விட்டேன். விலை கூடின பெட்டி ரெண்டு வேண்டும் என்றேன். தவுக்கே விலையைச் சொன்னார். நான் பணத்தை எடுத்து வைத்தேன். அவர் பணத்தைத் தொடவில்லை. நான் எழுந்து போவேன், வேன் கதவைத் திறப்பேன் என்று பார்த்துக்கொண்டே இருந்தார்.

அந்த நாற்பதில் மற்றதையெல்லாம் வாங்கினவர்கள் வீட்டுக்கும் நானே போய்ச் சொல்லப்போகிறேன் என்றும் சொன்னேன். அப்படியே போய்ச் சொன்னேன், பாதிப்பேர் திட்டினார்கள், நாலு பேர் வாசலோடு அனுப்பிவிட்டார்கள், வேலு அண்ணன் தக்காளியை யார் பார்த்தால் என்ன என்று அதையே வைத்துக்கொண்டார். லயத்து வேலையும் கையெழுத்தாகவில்லை. அதெல்லாம் பிற்பாடு. அன்றைக்குக் கடையில் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டுத் தவுக்கே கேட்டது: "ஜெயா, உடம்புக்கு என்ன, டாக்டர்கிட்ட காட்டினியா லா?"

திரும்பி நின்ற கதை

சனிக்கிழமை கொட்டகைக் கூரையில் புதுப் பெட்டியை மாட்டினேன். இந்த மாடலில் சாவி என்று ஒன்றும் எழுதிவரவில்லை. மாட்டுகிறவர் ஒரு சாவியை அடிக்கிற வரைக்கும் ஒரு படத்தையும் நகர்த்தாது. வழக்கம்போல இருபது எழுத்தை அடிக்கப் போனவள் நிறுத்திக்கொண்டேன். ஸ்டெல்லா அக்காவிடம் சொல்லிப் பூங்கொடியைக் கூப்பிட்டு, போனை அவள் கையில் கொடுத்து, "நீயே அடி, நீளமா அடி, எனக்குச் சொல்லாதே. ஆபீஸ் பெட்டிக்கும் நீயே வந்து அடிக்கணும்" என்றேன்.

மகளைப் பாயில் உட்காரவைத்துவிட்டு, போனை ரெண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள். ஒரு எழுத்தையும் அடிக்கவில்லை. தெரியவில்லையாக்கும் என்று நினைத்து, காட்டிக்கொடுக்கப் பக்கத்தில் போனேன். அவள் போனை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு என் முகத்தைப் பார்த்தாள். கோபமாக ஒன்றும் இல்லை. கொழுந்து எடையைச் சரிபார்க்கிறவர் தராசு முள்ளைப் பார்க்கிற பார்வை. அப்புறம் மெதுவாகச் சொன்னது: "அக்கா, கொஞ்சம் அந்தப் பக்கமா திரும்பி நில்லுங்க."

இத்தனை வருசத் தொழிலில் ஒரு கஸ்டமர் என்னைத் துளியும் நம்பாததால் நான் நிம்மதியாக வீடு திரும்பிய வேலை அது ஒன்றுதான்.