மடியில் அசைந்த பை

மனைவிக்குப் பிரசவமாகிப் பத்து நாளாகியும் பால் சரியாகச் சுரக்கவில்லை. பால்சுறாப் புட்டு செய்து கொடுக்கச் சொன்னார்கள். ஆலங்குடியிலிருந்து முதல் பஸ்ஸிலேயே கோட்டைப்பட்டினம் போனேன்.

மீன் வெட்டும் அக்கா ஒரு சுறாவைக் காட்டி, "இன்னும் உசிரு அடங்கலைங்க. கொஞ்சம் பொறுங்க" என்றார்.

"பஸ்ஸுக்கு நேரமாச்சுக்கா, வெட்டுங்க" என்றேன். அடுத்த பஸ் அரை மணியில் வரும் என்று எனக்குத் தெரியும்.

வயிற்றைக் கீறியதும் நான்கு குட்டிகள் வழுக்கி விழுந்து தரையில் துள்ளின. தாயின் வாய் திறந்து திறந்து மூடியது.

"குட்டியையும் சேத்துப் போட்டுரவாங்க? பிஞ்சு, நல்லா இருக்கும்."

பையை விரித்துப் பிடித்தேன். பஸ் கிளம்பிய பிறகும் அது என் மடியில் அசைந்துகொண்டிருந்தது.

மனைவிக்குப் பால் சுரந்தது. அவளிடம் எதையும் சொல்லவில்லை. மகள் வயிறு நிறைந்து, என் மடியில் கிடந்து கால் உதைக்கும்போதெல்லாம் அவசரமாக மனைவியிடமே திருப்பிக் கொடுத்துவிடுகிறேன்.