எண் எழுதாத பெட்டி

செங் தொழிற்பேட்டையில் ஒரு தொழிற்சாலையில் நான் தரம் பார்ப்பவள். எந்தத் தொகுதியில் செய்தது என்று காட்டும் லாட் எண் இல்லாத உதிரிபாகம் என் மேசையைத் தாண்டாது. மேனேஜரே வந்து நின்றாலும் தாண்டாது. அதில் எனக்குக் கொஞ்சம் திமிர் உண்டு, மறைப்பானேன்.

பாச்சாங்கில் உள்ள எங்கள் வீட்டில் பழைய கணினி ஒன்றை நானே சர்வராக்கி வைத்திருக்கிறேன். அப்பா இறந்த பிறகு அவருடைய படங்கள் எல்லாம் அதில்தான்; வேறெங்கும் பிரதி இல்லை. அம்மா தினமும் காலையில் பசியாறிவிட்டு டேப்லெட்டில் அவற்றைப் பார்ப்பார்.

“பேசாம கிளவுட்ல போட்டுரலாம்லா, அக்கா,” என்றான் தம்பி.

“நம்ம வீட்டுப் படத்த நான் பாத்துக்குவேன். நீ உன் வேலையப் பாரு,” என்று அவன் வாயை அடைத்தேன்.

படச் செயலி ஒரு கண்டெய்னரிலும் அதன் தரவுத்தளம் இன்னொன்றிலும் ஓடும். கண்டெய்னர் என்றால், ஒரு மென்பொருளை அதற்கு வேண்டியவற்றோடு கட்டிவைத்த பெட்டி. எந்தப் பதிப்பு என்று எண் எழுத வேண்டிய இடத்தில் நான் ‘லேட்டஸ்ட்’ என்று எழுதி, தானாகப் புதுப்பிக்கவும் விட்டிருந்தேன். தொழிற்சாலையில் வேறு யாராவது இப்படிச் செய்திருந்தால் உண்டு இல்லை என்று ஆக்கியிருப்பேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, கோயிலில் பூசை முடிந்து நாங்கள் மூவரும் வீடு திரும்பியதும் அம்மா டேப்லெட்டை நீட்டினார். “அப்பாவக் காணோம்மா. நேத்தும் வரல.”

திரை வெறுமையாக இருந்தது. சர்வரின் பதிவுகளைத் திறந்து படித்தேன். தரவு எழுதப்பட்டது தரவுத்தளத்தின் பதினான்காம் பதிப்பில்; தானாக வந்து உட்கார்ந்திருப்பது பதினைந்தாம் பதிப்பு. பழையதைத் திறக்க மாட்டேன் என்று அது அடம்பிடித்துக்கொண்டிருந்தது. அப்படியானால் எதுவும் அழியவில்லை. அப்போதுதான் எனக்கு மூச்சே வந்தது.

முதலில் எல்லாவற்றையும் இன்னொரு டிஸ்க்கில் பிரதி எடுத்தேன். ‘லேட்டஸ்ட்’டை அழித்துப் பதினான்கு என்று எழுதி மறுபடி ஓட்டினேன். படங்கள் வரிசையாக வந்தன. தானாகப் புதுப்பிப்பதை நிறுத்தி, எல்லாப் பெட்டிகளுக்கும் எண் போட்டேன். இனி புதிய பதிப்போடு வரும் குறிப்பைப் படித்து, பிரதி எடுத்த பிறகு, என் கையால்தான் எண் மாறும்.

டேப்லெட்டை அம்மாவிடம் கொடுத்தேன். அவர் அப்பாவின் முகத்தை விரலால் தொட்டு, “ரெண்டு நாளா சொல்லாம கொள்ளாம எங்கங்க போனீங்க?” என்று கோபமாகக் கேட்டார்.

தம்பி பார்த்துக்கொண்டிருந்தான். “அப்பா எங்கயும் போகலம்மா. தப்பு என்னோடது,” என்றேன்.